இரண்டாம் கியரும் உங்கள் வலது காலும்

என் அன்பு அப்பாவுக்கு,

ஒழுங்கைக்குள் காரை ரிவேர்ஸ் எடுக்க இன்னமும் பயப்படுகிற உங்கள் சின்னவள் எழுதுவது. ஓம், சரியாகத்தான் வாசித்தீர்கள். நான் கார் ஓடுகிறேன். லைசென்ஸ் எடுத்து மூன்று மாதமாகிறது. முதல் தரம் போய்ப் பெயில் விட்டேன். காரணம் கேட்காதீர்கள், அதில் ஒரு மதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

அடுத்த கிழமை உங்கள் ஆட்டைத் திவசம். ஒரு வருடம் போய்விட்டது என்பது, ஐயர் வந்து திகதி சொல்லும்வரை எனக்கு உறைக்கவில்லை. அக்காவுக்கு ரொறன்ரோவில் லீவு கிடைக்கவில்லை, வரமாட்டாள். கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை அப்படியேதான் இருக்கிறது. வடக்கில் சண்டையும் முடியவில்லை, மேல்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டரை நிறுத்த மறப்பதும் முடியவில்லை. உங்கள் கதிரையில் இப்போது இஸ்திரி போட வேண்டிய உடுப்புகள் குவிந்திருக்கின்றன, கோபிக்க வேண்டாம்.

ஆனால் நான் எழுத வந்தது அதற்கில்லை. உங்கள் கையிலிருந்து கார்த் திறப்பை, சாவிக்கொத்தோடு, நான் வாங்கி ஒன்றரை வருடமாகிறது. வலது கால் உணர்விழந்துவிட்டது, இனி ஓடக்கூடாது என்று சொல்லித்தான் வாங்கினேன். அதற்குப் பிறகு இருந்த ஆறு மாதமும் நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நான் செய்தது சரியா, பிழையா? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்களைத் தெரிந்த எல்லோரும் வாசிக்க வேண்டும் என்பதற்காக இதை ஒட்டாமல் திறந்தபடி வைக்கிறேன்.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சலரோகம் என்கிற சீனி வியாதி உங்கள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. பொய்க்காலில் நடக்கப் பழகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு நாள் வாசலில் ஹோர்ன் அடித்தது. என்னிலும் மூத்த ஒரு வெள்ளைக் கார், ஜெர்மனியில் செய்தது, டீசல், ஓட்டோமெற்றிக். கிளச் கிடையாது, ஆகவே இடது காலுக்கு அதில் வேலையே கிடையாது. அம்மா அப்போது உயிரோடு இருந்தார். கேற்றில் கையை வைத்துக்கொண்டு உங்களையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் காருக்கும் இடது கால் தேவையில்லை, எனக்கும் தேவையில்லை. சாதகம் நல்லாப் பொருந்துது" என்றீர்கள். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்தக் கார் வந்த பிறகு நீங்கள் திரும்பவும் ஒரு மனிசனாக நடமாடினீர்கள். காலையில் என்னைப் பொரளையில், நான் வேலை செய்கிற இரத்தப் பரிசோதனை லாப்பில் இறக்கிவிடுவீர்கள். ஒழுங்கையில் யாருக்குக் கண் கிளினிக், யாருக்குப் பல்லு என்றாலும் உங்களிடம்தான் வருவார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனை. உங்களோடு துறைமுகக் கந்தோரில் வேலை செய்த மூன்று பேரோடு முந்நூற்றிநாலு என்கிற சீட்டு விளையாட்டு. அம்மா செத்த வருடம்கூட, முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த முதல் வெள்ளி நான்தான் உங்களைப் போகச் சொல்லித் துரத்தினேன். நாலு பேர் இல்லாமல் அந்தச் சீட்டை விளையாட முடியாது என்பது எனக்குத் தெரியும்.

இனி அந்த நாள். அதைப் பற்றி நீங்களும் நானும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. இப்போது கதைக்கிறேன்.

ஹவ்லொக் வீதியில் செக்பொயின்ற். வழக்கமாக அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போகவிடுவார்கள். அன்றைக்குக் காரை ஓரத்தில் எடுக்கச் சொன்னார்கள். பின்பக்க இடது கதவின் உள்பலகையைக் கழற்றினார்கள். ஏன் அந்தக் கதவை மட்டும்? எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒருவர் பலகைக்குப் பின்னால் ஸ்குரூட்ரைவரை விட்டு நெம்பி, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்து, திரும்பவும் கையால் குத்திப் பொருத்தினார். "தாங்க்யூ அங்கிள்" என்றும் சொன்னார். இருபது நிமிடம் இருக்கும். நீங்கள் பொய்க்காலோடு அந்த இருபது நிமிடமும் வெயிலில் நின்றீர்கள்.

காருக்குள் ஏறியதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "லொக்கை அமத்துங்கோ."

"கதவைப் பூட்டினா ஆமிக்காரன் திறக்கமாட்டானே, பிள்ளை?"

"பூட்டுங்கோ எண்டா பூட்டுங்கோ."

பூட்டினீர்கள். அன்றையிலிருந்து கதவைப் பூட்டாமல் நீங்கள் காரை எடுத்ததே இல்லை, நான் விட்டதும் இல்லை. முன்பெல்லாம் உங்கள் பக்கத்து லொக்கை அமத்தினால் நாலு கதவும் சக்கென்று தன்னால் பூட்டும். அதற்குப் பிறகு பின் இடது கதவு மட்டும் பூட்டவில்லை. ஒவ்வொரு காலையும் முன்சீட்டிலிருந்து திரும்பி, கையை எட்டி நானே அதை அமத்துவேன். ஏன் அது பூட்டுதில்லை என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அந்த நாளைக் கதைக்க வேண்டி வந்திருக்கும்.

ஒரு கிழமை போகவில்லை, கியர் இடிக்கத் தொடங்கியது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறவேண்டிய இடத்தில் மாறாது. எஞ்சின் கத்தும், கத்தும், பிறகு முதுகில் யாரோ குத்தியதுபோல ஒரு இடியோடு மாறும். இரண்டிலிருந்து மூன்றுக்கும் அப்படித்தான். உங்கள் முகம் ஒவ்வொரு இடிக்கும் சுருங்கும். "கியர் சரியில்லை" என்று மட்டும் சொல்வீர்கள்.

கொம்பனித்தெருவில் சலீம் நானாவின் கராஜுக்குப் போனோம். அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பொக்ஸ் ஒயில் அளக்கிற கம்பியை இழுத்தார். முன்பொருதரம் எஞ்சினை நிறுத்திவிட்டு அளந்து, ஒயில் கூடிப்போய்விட்டது என்று நீங்கள் பதறித் தனக்குப் போன் எடுத்த நாளைச் சொல்லிச் சிரித்தார். ஒயிலை வெள்ளைத் துணியில் தடவி மணந்து பார்த்தார்.

"எரிஞ்ச வாட இல்ல. நெறமும் ரோஸாத்தான் ஈக்கிது" என்றார்.

பிறகு தானே ஏறி ஓடிப் பார்த்தார். நீங்கள் பக்கத்தில், நான் பின்னால். அப்பா, அந்தக் கார் அவர் கையில் வெண்ணெய்போலப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று, எப்போது மாறியது என்றே தெரியவில்லை. நானா உங்களைப் பார்த்தார். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள். திரும்பி வரும்போது நீங்கள் ஓடினீர்கள். நான் வழக்கம்போல லொக்கை நினைவுபடுத்தினேன். கொள்ளுப்பிட்டி வருமுன் இடித்தது.

அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். நானா ஓடினால் இடிக்கவில்லை, அப்பா ஓடினால் இடிக்கிறது. பிறகு கார் எப்படிப் பிழையாக இருக்கும்? நான் லாப்காரி. நாள் முழுக்க மற்றவர்களின் சீனி அளவைப் பார்த்துப் பார்த்து, யாரைக் கண்டாலும் சீனியாகவே தெரிகிற ஆள். மற்றக் காலையும் நோய் பிடித்துவிட்டது, எவ்வளவு அமத்துகிறார் என்று அவருக்கே தெரியவில்லை என்று முடிவு கட்டினேன்.

அன்றைக்குக் கராஜில் இன்னொன்றும் நடந்தது. கையைத் துடைத்துக்கொண்டு நானா கேட்டார்: "கடசியா இந்த வாகனத்துல ஆரு கை வெச்ச? ஏதாச்சும் கழட்டின, பூட்டின?"

நீங்கள் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: "ஒருத்தரும் இல்லை நானா. ஒண்டும் நடக்கேல்லை."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், பிறகு உங்கள் சப்பாத்தைப் பார்த்தீர்கள். நான் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை அப்பா. அந்தப் பதில் கொழும்பில் இருக்கிற எங்கள் தமிழ் ஆட்களுக்கு நாக்கு நுனியிலேயே இருக்கிறது. பொலிஸில் கேட்டால், வேலையிடத்தில் கேட்டால், வீட்டுக்காரர் கேட்டால், ஏன் அக்கா ரொறன்ரோவிலிருந்து கேட்டால்கூட, ஒண்டும் நடக்கேல்லை. நானா எங்களுக்கு வேண்டிய ஆள், அவருக்கு ஒளிக்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் பக்கத்தில் இன்னும் இரண்டு வாகனக்காரர் நின்றார்கள், சிங்களத்தில் ரேடியோ போய்க்கொண்டிருந்தது, வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

லாப்பில் வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் சட்டைக் கொலரில் காலையில் தின்ற மாலுபாண் தூளோடு வந்து, "ஒண்டும் சாப்பிடேல்லை மிஸ்" என்பார்கள். அவர்களோடு நான் எப்படிக் கத்துவேன் என்று உங்களுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லாவிட்டால் ரிப்போர்ட் பிழையாக வரும், பிழையான ரிப்போர்ட்டுக்குப் பிழையான மருந்து தருவார்கள் என்று எத்தனை பேருக்குப் பிரசங்கம் செய்திருக்கிறேன்!

பிறகு அந்த வியாழக்கிழமை. அதே வீதி, வேறு செக்பொயின்ற். சிப்பாய் ஜன்னலில் குனிந்து, "எஞ்சின் எக்க ஓஃப் கரன்ன" என்று சிங்களத்தில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். நீங்கள் திறப்பைத் திருப்பி வெளியே இழுத்தீர்கள். எஞ்சின் நிற்கவில்லை. டக டக என்று ஓடிக்கொண்டே இருந்தது.

"ஓஃப் கரன்ன கிவ்வே!" நிறுத்தச் சொன்னேனே என்று இம்முறை அவர் குரல் உயர்ந்தது. துவக்கு தோளிலிருந்து முன்னுக்கு வந்தது. மற்றப் பக்கத்திலிருந்து இன்னொருவர் ஓடி வந்தார்.

நீங்கள் திறப்பை ஜன்னலுக்கு வெளியே உயர்த்திக் காட்டினீர்கள். உங்கள் கை ஆடவில்லை. "ஓஃப் கலா மஹத்தயா, மென்ன யதுர" என்றீர்கள், நிறுத்திவிட்டேன் ஐயா, இதோ திறப்பு என்று, பாங்கில் வரிசையில் நிற்கிற ஆளுடைய குரலில். எஞ்சின் இன்னும் கொஞ்சம் ஓடி, இருமி, நின்றது. சிப்பாய் பொனற்றைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "நாக்கி வாகனயக் நே" என்றார். கிழட்டு வாகனம்தானே என்று போகவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திறப்பை இழுத்த பிறகும் எஞ்சின் ஓடுகிறது என்றால் அப்பாவின் கால் அக்சலரேட்டரிலேயே இருக்கிறது, அது அவருக்குத் தெரியவில்லை. அப்படித்தான் நான் நினைத்தேன். கார்க்காரர் யாரையாவது கேட்டிருந்தால், காலால் அப்படி நடக்காது என்று சிரித்திருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. நாளைக்கு இன்னொரு சிப்பாய் சிரிக்காமல் விட்டால்? அந்த ஒரு கேள்வி என் மண்டைக்குள் புகுந்துகொண்டது.

அன்று பின்னேரம் உங்களைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் உங்கள் வலது கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன். எந்த விரல் என்று கேட்டேன். பெருவிரல் சரி. அடுத்தது சரி. நான்காம் விரலைத் தொட்டபோது "நடுவிரல்" என்றீர்கள்.

"பாத்தீங்களே அப்பா?"

"என்ர காலில பிழையில்லைப் பிள்ளை. நான் மெதுவாத்தான் அமத்துறன்."

"கார் சுகமாத்தான் இருக்கு. சலீம் நானா ஓடேக்க நீங்களும் பாத்தனீங்கள்தானே?"

காலைத் தூக்கிப் பார்த்தீர்கள், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல. பிறகு திறப்பை என் கையில் வைத்தீர்கள். நான் வாங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. நீங்கள் கோபித்திருந்தால் பரவாயில்லை. நீங்கள் என்னை நம்பினீர்கள். டீவி பார்த்துக்கொண்டு வலது காலால் நிலத்தை அமத்தி அமத்திப் பார்ப்பீர்கள். கிளினிக்கில் டொக்டர் பரிசோதித்து "இந்தக் கால் நல்லா இருக்கு" என்றபோது, "இல்லை டொக்டர், கொஞ்சம் விறைப்பு இருக்கு" என்று நீங்களே சொன்னீர்கள். நானும் பக்கத்தில் இருந்து தலையை ஆட்டினேன். டொக்டரின் சொல்லைவிட என் பஞ்சு உங்களுக்குப் பெரிதாகப் போய்விட்டது.

கொட்டாஞ்சேனைக்கு இரண்டு வெள்ளி ஓட்டோவில் போனீர்கள். ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் இறங்கி ஏறுவது பொய்க்காலுக்குச் சரிவரவில்லை. மூன்றாம் வெள்ளி, "நான் என்ன பார்சலே, அங்கையும் இங்கையும் ஏத்தி இறக்க?" என்று சேர்ட்டைக் கழற்றிவிட்டீர்கள். பிறகு போன் மட்டும்தான்.

ஆறு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தபடி போய்விட்டீர்கள். இதயம் என்றார்கள். காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்கள், நான் கேட்டதால்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடித்தோம். வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுதினேன். நாலாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "இறுதிக் காலத்தில் வலது காலும் உணர்விழந்தமையால், தாம் பெரிதும் விரும்பிய வாகனம் ஓட்டுதலைத் தாமாகவே கைவிட்டார்." அழகான வரி என்று அக்கா போனில் அழுதாள். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். அந்த மலர் யாழ்ப்பாணம், லண்டன், ரொறன்ரோ என்று உங்களைத் தெரிந்த எல்லா வீட்டுக்கும் போனது.

கார் வாசலில் நின்றது. அக்கா விற்கச் சொன்னாள். நான் டிரைவிங் ஸ்கூல் காரில் ஓடப் பழகினேன். ஏன் என்று கேட்டால் சரியான பதில் என்னிடம் இல்லை. விற்கிறவளுக்கு எதற்கு லைசென்ஸ்? போன மாதம் ஒருவர் வாங்க வருவதாகச் சொன்னார். அதற்கு முதல் ஒருதரம் சலீம் நானா பார்க்கட்டும் என்று, முதன்முதலாகத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு காலி வீதியில் இறங்கினேன். தனியாகப் போகிற பெண், லொக்கை அமத்தினேன், பின் இடது கதவையும் எட்டி அமத்தினேன்.

பம்பலப்பிட்டி தாண்டும்வரை மெதுவாகத்தான் போனேன். கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட, முன்னால் போன பஸ் விலக, நான் அக்சலரேட்டரை அமத்தினேன். எஞ்சின் கத்தியது. கத்தியது. பிறகு இடித்தது.

அப்பா, எனக்குச் சீனி இல்லை. என் இரண்டு காலும் சுகமான கால்.

காலி வீதியில் காரை நிறுத்திவைத்துக்கொண்டு அழ முடியாது, உடனே ஆமிக்காரர் வந்துவிடுவார்கள். ஆகவே ஓடிக்கொண்டே போனேன். கொம்பனித்தெரு போய்ச் சேரும்வரை ஒவ்வொரு சிக்னலிலும் இடித்தது. சில இடத்தில் நானே வேண்டுமென்று அமத்தினேன், திரும்ப இடிக்கட்டும் என்று.

நானா ஏறி ஓடினார். வெண்ணெய். என்னை ஓடச் சொல்லிப் பக்கத்தில் இருந்தார். நான் ஏறினதும் பழக்கதோஷத்தில் லொக்கை அமத்தினேன். ஒழுங்கை முடியுமுன் இடித்தது. நானா என் மடிக்கு மேலால் கையை நீட்டி லொக்கை இழுத்துவிட்டு, "இப்ப போங்க தங்கச்சி" என்றார். போனேன். இடிக்கவில்லை. திரும்ப அமத்தச் சொன்னார். இடித்தது. அப்படியே எஞ்சினை நிறுத்தச் சொன்னார். திறப்பை இழுத்தேன், எஞ்சின் நிற்காமல் ஓடியது. லொக்கை இழுத்துவிட்டார், உடனே நின்றது.

"நான் அண்டைக்கும் கேட்ட தானே" என்றார். "இந்த வாகனத்துல ஆரு கை வெச்ச?"

இம்முறை சொன்னேன். ஹவ்லொக் வீதி, பின் இடது கதவு, ஸ்குரூட்ரைவர், எல்லாம். பக்கத்தில் ஆள் நின்றார்களா, ரேடியோ போனதா என்று பார்க்கவில்லை.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அல்லாவே, இத முந்தியே செல்லீந்தா அர மணித்தியால வேல தங்கச்சி!"

நானா விளங்கப்படுத்தியதை உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் இதைக் கேட்க ஆசைப்பட்டிருப்பீர்கள். அந்தக் காரில் கதவுப் பூட்டு வயரில் வேலை செய்வதில்லை, காற்றை உறிஞ்சி வேலை செய்கிறது. எஞ்சினில் ஒரு சின்னப் பம்ப். அது மெல்லிய குழாய்களில் இருந்து காற்றை இழுக்கிறது. அந்த இழுவைதான் கதவைப் பூட்டுகிறது, அந்த இழுவைதான் கியரை இதமாக மாற்றுகிறது, டீசல் எஞ்சினை நிறுத்துவதும் அதே இழுவைதான். ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் மூன்றுக்கும் இழுவை போதாது. பின் இடது கதவுக்குள் ஒரு குழாய் கிழிந்திருந்தது. கதவைப் பூட்டினால் மட்டும் காற்று போகிற குழாய். பூட்டாமல் ஓடிய நானாவுக்குக் கார் சுகம். நான் பூட்டவைத்த உங்களுக்கு இடி. வீட்டு வாசலில் லொக்கை இழுத்துவிட்டு நிறுத்துவீர்கள், அங்கே எஞ்சின் உடனே நின்றது; செக்பொயின்ற்றில் பூட்டியபடி நிறுத்தினீர்கள்.

கதவின் பலகையைக் கழற்றினார். ஸ்குரூட்ரைவர் பட்ட கீறல் அப்படியே இருந்தது. கிழிந்த இடத்தை வெட்டிவிட்டு என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ரப்பர்க் குழாயைச் செருகினார். வேலை முடிந்தது. நாலு கதவும் சக்கென்று பூட்டின.

மறுநாள் லாப்பில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரைச் செருப்பைக் கழற்ற வைத்து, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். இரண்டு பேரும் நாலாம் விரலை நடுவிரல் என்றார்கள். அந்த விரல்களைச் சுகமான ஆட்களும் மாற்றித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. இதை முதலில் என் காலிலாவது செய்து பார்த்திருக்கலாமே? ஏன் செய்யவில்லை?

வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உங்கள் சீட்டுக் கூட்டாளி ஜோசப் அங்கிளுக்கு நேரே சொல்ல வேண்டும் என்று இருந்தது. காரின் சத்தம் கேட்டு அவர் வாசலுக்கு ஓடி வந்து, என்னைக் கண்டதும் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். தேத்தண்ணி வந்தது. கதவு, குழாய், பஞ்சு என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிழை அப்பாவின் காலில் இல்லை, நான்தான் பிழையாகச் சொன்னேன் என்றேன்.

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உன்ர கொப்பன் அதைப் பெருமையாயெல்லே சொன்னவன், பிள்ளை."

"எதை அங்கிள்?"

"'டொக்டர்மாருக்கே பிடிபடேல்லை, என்ர சின்னவள் பஞ்சால தடவிக் கண்டுபிடிச்சிட்டாள்' எண்டு. எனக்குச் சொல்லி, மற்ற ரெண்டு பேருக்கும் போன் எடுத்துச் சொன்னவன். 'அவள் இல்லாட்டி நான் ஆரையாவது அடிச்சிருப்பன்' எண்டு சொன்னவன்."

அழுதேன் அப்பா. அந்த வீட்டு ஹோலில், அந்த நாலு கதிரை மேசைக்கு முன்னால் இருந்து, வாய்விட்டு அழுதேன். என்னைத் திட்டியிருக்கலாமே. சீட்டைப் பறித்துவிட்டாள், காரைப் பறித்துவிட்டாள் என்று இரண்டு பேருக்காவது சொல்லி ஆறியிருக்கலாமே. நீங்கள் என் பிழையைக் கொண்டுபோய் ஊருக்கெல்லாம் பரிசுபோலக் காட்டியிருக்கிறீர்கள்.

அங்கிள் எழும்பிப் போய் நினைவு மலரை எடுத்து வந்தார். நாலாம் பக்கத்தைப் பிரித்து, சட்டைப் பையிலிருந்த பேனையையும் தந்தார். அந்த வரியை வெட்டினேன். மேலே எழுதினேன்: "கால் நல்ல கால். மகள் பிழையாக விளங்கி, திறப்பை வாங்கிவிட்டாள்." அங்கிள் வாசித்துவிட்டு, "அவன் இருந்தா இதை விடமாட்டான்" என்றார். விடமாட்டீர்கள் என்று எனக்கும் தெரியும்.

காரை விற்கவில்லை. வாங்க இருந்தவருக்குச் சொல்லிவிட்டேன். அக்காவுக்கும் சொன்னேன். அவள், "அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டாள்.

பிழையாகக் கண்டுபிடித்ததை மூன்று பேருக்குப் போன் எடுத்துச் சொன்னீர்கள். இப்போது சரியாகக் கண்டுபிடித்திருக்கிறேன் அப்பா. யாருக்குப் போன் எடுப்பீர்கள்?

இனி நான்தான் எடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் திவசத்துக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன். வராதவர்களுக்குத் தபாலில் போகும். அந்த மலர் போய்ச் சேர்ந்த வீடெல்லாம் இதுவும் போய்ச் சேரும்வரை விடமாட்டேன். வாசிக்கிறவர்களே, உங்களிடம் அந்த மலர் இருந்தால் நாலாம் பக்கத்தை எடுத்து, "தாமாகவே" என்று இருக்கிற வரியைப் பேனையால் வெட்டிவிடுங்கள். எங்கள் அப்பாவின் வலது கால் கடைசி நாள் வரைக்கும் எவ்வளவு அமத்த வேண்டுமோ அவ்வளவுதான் அமத்தியது.

நீங்கள் என்னை நம்பின அளவுக்கு உங்கள் காலை நான் நம்பவில்லை, அப்பா.

இப்படிக்கு,
பெருமைக்குரிய பிழை விட்ட உங்கள் சின்னமகள்